பீரோக்காரன் செய்த மீன் தொட்டி

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் ஒன்றிரண்டு கம்பெனிகள் தலைகாட்டத் தொடங்கிய சமயம். பெரிய ரோட்டோரம் இரும்புப் பீரோ செய்யும் பட்டறை வைத்திருந்தேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் பொன்னேரியிலிருந்து பெரியபாளையம் வரை கல்யாணச் சீரில் போன பீரோக்களில் பாதி என் கையால் வளைத்த தகடுதான். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அந்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆனது. மனைவிக்குப் பழவேற்காடு. கடற்கரையில் வளர்ந்தவளுக்குப் பட்டறைச் சத்தத்துக்கு நடுவில் வந்ததும் பேச்சே குறைந்துபோனது. அவள் தம்பி கடலுக்குப் போகிறவன். ஒரு நாள் அலுமினிய அண்டாவில் கடல் தண்ணீரை நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, பஸ்ஸும் ரயிலும் ஏறி வந்து இறங்கினான். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன். தட்டை உடம்பு, மெல்லிய நீலக் கோடுகள், வாலடியில் இரண்டு பக்கமும் கத்தி மாதிரி முள். இப்போது கடைகளில் டேங் மீன் என்கிறார்கள்.

"பாறையாண்ட வலைல மாட்டிக்கிச்சுக்கா. கொழம்பு வெக்க மனசு வர்ல" என்றான்.

மனைவி அண்டா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரித்ததை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

"தொட்டி நான் செய்றேன்" என்றேன்.

"உனுக்கு மீன் தொட்டி செய்யத் தெரியுமா மாமா?"

"தகடு வளைக்கிறவனுக்குத் தொட்டி ஒரு வேலையாடா மச்சான்?"

யாரையும் கேட்கவில்லை. கேட்டால் நான் நானில்லை. அளவு என்று மனதில் வந்ததே பீரோ அளவுதான். பீரோவைக் கொஞ்சம் சுருக்கின மாதிரி நாலடி உயரம், ஒன்றரை அடி அகலம். ஷோகேஸுக்குப் போடும் தடித்த கண்ணாடி, இரும்பு ஆங்கிள் சட்டம், உப்பு அரிக்காதபடி பெயிண்ட். பீரோவின் தலையில் வைக்கும் வளைவு வேலைப்பாட்டையும் விடவில்லை. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுக்குப் போய்க் காற்று மோட்டார் வாங்கி வந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. இன்றைக்கு எவனாவது அப்படிக் கட்டிக் காட்டட்டும்.

மீனுக்கு மட்டும் பிடிக்கவில்லை. வாலை ஒரு தட்டுத் தட்டினால் எதிர்க் கண்ணாடி. திரும்பினால் இந்தக் கண்ணாடி. மூக்கு புண்ணாகிவிட்டது. மேலே அத்தனை உயரம் சும்மா கிடக்க, அது அடியில் ஒரு மூலையில் ஒதுங்கியது. நிறம் வெளுத்தது. போட்ட கடல் பாசியைத் தொடவில்லை. மனைவிக்கும் சோறு இறங்கவில்லை.

தண்ணீர் மாற்ற வந்த மச்சான் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, மீனு இன்னா பட்டுப் பொடவையா, பீரோவுல வெச்சுப் பூட்ட? ஞாயித்துக்கெழம வரிக்கும் பாப்பேன். துன்னலன்னா எட்த்துக்கினு போயி கடல்ல வுட்டுடுவேன்."

மனைவி அண்டாவைக் கழுவித் தயாராக வைத்தாள். அதுதான் என்னைச் சுட்டது.

மறுநாள் பெரியபாளையத்துக்குப் போகவேண்டிய பீரோவை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பார்த்துக்கொண்டு நின்ற மனைவி கேட்டாள்.

"வண்டில மட்டும் பீரோவ இன்னாத்துக்குப் படுக்க வெக்கிறீங்க?"

"நிக்க வெச்சா சாஞ்சிடும்."

"அப்போ மீனு ஊட்டையும் படுக்க வைங்க. அது மேலயா ஏறுது? பக்கவாட்டுலதான ஓடுது."

கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து டீக்கடைக்காரர் பதறிவிட்டார். "வோணாம் நைனா. பீரோவப் படுக்கப் போட்டு வெச்சா ஊட்டுக்கு ஆவாது. ஒரு கல்யாண ஆர்டர் வராது உனுக்கு."

கல்யாண ஆர்டர்தான் எனக்குச் சோறு. ஆனால் மீனை அண்டாவுக்கு மாற்றினேன். ஒரு பக்கக் கண்ணாடியைக் கழற்றி, அதிலேயே துண்டு வெட்டித் திறந்திருந்த தலையை அடைத்து, காயவிட்டு, பட்டறை முகப்பிலேயே தொட்டியைப் படுக்க வைத்தேன். வளைவு வேலைப்பாடு ஓரத்தில் கோணலாக நின்றது. கழற்ற மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் புதுக் கடல் தண்ணீரோடு வந்தான். தொட்டியை நிரப்பி மீனை விட்டோம். முதலில் பழைய வழக்கப்படி ஒரு மூலையில் நின்றது. பிறகு வாலை ஒரு தட்டு. கண்ணாடி வரவில்லை. இன்னொரு தட்டு. அப்புறம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது பாருங்கள், எங்கள் தலைகளும் கூடவே திரும்பின. பழைய பாசி அழுகிப்போயிருந்ததால் மனைவி கொஞ்சம் முளைக்கீரையை அலசி நூலில் கட்டித் தொங்கவிட்டாள். மீன் வந்து கடித்து இழுத்தது.

"இன்னாக்கா இது, உன் ஊட்டுக்கு வந்ததும் சைவமா பூட்சே" என்றான் தம்பி. அவள் அன்று முழுக்கச் சிரித்தாள், பேசினாள்.

பீரோ செய்யச் சொல்லி வந்த கல்யாண வீட்டுக்காரர்கள் மீனைப் பார்த்து நின்று, ஆர்டரும் கொடுத்துவிட்டுப் போனார்கள். படுக்க வைக்கச் சொன்னதே தான்தான் என்று டீக்கடைக்காரர் சொல்லித் திரிந்தார். மீன் வளர்ந்ததும் அந்தத் தொட்டியும் பற்றவில்லை. ஆறடி நீளத்தில் வேறொன்று செய்தேன். இந்த முறை அது ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் அளவு டேப்பை எடுத்தேன்.

பின்னால் சொந்த வீடு கட்டும்போது மாடி எழுப்பி ஊருக்குக் காட்ட எனக்கு ஆசை. இருந்தாலும் முதலில் மனைவியைக் கேட்டேன். வாசலிலிருந்து பின்கட்டு வரை தடுப்பில்லாமல் ஒரு நீளக் கூடம் வேண்டும் என்றாள். கட்டினேன். இன்றும் விடிந்ததும் அவள் அதில் நடக்கிறாள். நான் நாற்காலியைச் சுவரோரம் இழுத்து வழிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். என் கையால் எத்தனையோ உயரமாகச் செய்திருக்கிறேன். ஆனால் உள்ளே இருப்பவர் எந்தப் பக்கம் ஓடுவார் என்று பார்த்துச் செய்ததுதான் எனக்கு நிலைத்திருக்கிறது.