அம்மா வருவதற்கு ஒரு டின்

மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன முதல் வருடம் செலவை எப்படிச் சமாளிப்பது என்றே எனக்குப் பிடிபடவில்லை. மலையகத்தில், கொட்டகலையில் ஓட்டோ ஓட்டுகிறேன். ஒரு நாள் நல்ல ஓட்டம் இருக்கும், மறுநாள் ஸ்டாண்டில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியை, நாங்கள் இருக்கும் தோட்டத்து லய வீட்டுக்கு மேலே எங்களுக்குக் கிடைத்த துண்டு நிலத்தில் வீடு கட்ட வங்கியில் போட்டுவிடுவோம். மிச்சம் வந்த வேகத்தில் கரைந்துவிடும். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஆறு. அம்மா பக்கத்தில் இல்லாத பிள்ளைகள் என்று கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பேன். மாதக் கடைசியில் சாப்பாடு பருப்பும் பாணும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசும்போது அவள் சொன்னாள்: "ஏங்க, காச நீங்களே வச்சுக்கிட்டா புள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்? அதுங்க கையில குடுத்துப் பாருங்க."

கொடுத்துப் பார்த்தேன். வெறும் பால்மா டின்கள் மூன்று எடுத்தோம். சாப்பாட்டுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. ஞாயிறுதோறும் வீட்டு முன் இஸ்தோப்பில் பாயைப் போட்டு, அந்த வாரப் பணத்தை அவர்கள் முன்னால் வைத்துவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன். அதுதான் பெரிய கஷ்டம். முதல் வாரம் மகன் சண்டை போட்டு கிரீம் பிஸ்கட்டாக வாங்கினான். பாதி வாரத்திலேயே சீனி முடிந்தது. சீனியில்லாத தேயிலைச் சாயத்தைக் குடித்துவிட்டு அழுதான். கை சட்டைப் பைக்குப் போயும் நான் காசு எடுக்கவில்லை. அடுத்த வாரம் சீனியை முதலில் வாங்கச் சொன்னது அவன்தான்.

மகள் இன்னும் தீவிரம். கடையில் நின்று, "போன வாரம் வேற வெல சொன்னீங்களே மொதலாளி?" என்று கேட்பாள். விலை ஏறிக்கொண்டே இருந்த காலம் அது. வாரக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதும்போது, "கொஞ்சம் காச மிச்சம் வச்சுத்தான் எழுதணும்ப்பா, வெல கூடிரும்" என்பாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

பிறகு ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் மகளின் வகுப்பு டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னை நிறுத்தினார். "மகள் இடைவேளையில ஒண்டும் சாப்பிடுறேல்லை. வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

தினமும் பணிஸ் வாங்கித் தின்னக் காசு கொடுக்கிறேனே! அன்று ஓட்டத்தில் மனம் நிற்கவில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக ஏறிய ஒரு பெண்ணை, வாசலைத் தாண்டி வெகுதூரம் கொண்டுபோய்விட்டேன். "அண்ணே, எங்க போறீங்க?" என்று அவள் தோளைத் தட்டியபிறகுதான் தெரிந்தது. அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, அடுத்த ஓட்டத்தைப் பார்க்காமல் வீட்டுக்குத் திருப்பினேன்.

மகளைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். மகன்தான் அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து நாலாவது டின் ஒன்றை இழுத்து வந்தான். அதன் மேல் கோணல்மாணலாக ஒரு விமானம் வரைந்திருந்தது.

"அம்மா வர்றதுக்கு டிக்கெட்டு" என்றான். "நானும் போட்டிருக்கேன்."

எழுந்து வெளியே போனேன், திரும்ப வந்தேன், அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு எதற்கு வைத்தேன் என்று மறந்தேன். அம்மா ஏன் வரவில்லை என்பதற்கு ஏதாவது பொய் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் பணத்தை நேராகக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு இதை மட்டும் எப்படி மறைப்பது? ஞாயிறு வரும்வரை பொறுக்காமல் மனைவியை அழைத்தேன்.

டின்னைப் பார்த்ததும் அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "டிக்கெட்டுக் காசு நான் வேல செய்ற வீட்டுக்காரங்க குடுத்திருவாங்க சாமி. நீ பட்டினி கெடக்காத."

"அப்ப எதுக்கும்மா காசு பத்தல?" என்றாள் மகள்.

"வீட்டுக்கு. ரெண்டு ரூம்பு, சமைக்க ஒரு குசினி, மேல ஓடு."

மகள் கொஞ்சம் யோசித்தாள். "அதுல எத விட்டா நீங்க சீக்கிரம் வருவீங்க?"

காசு போதாத வாரத்தில் எதை விடலாம் என்று கேட்கப் பழக்கியவன் நான்தான். அந்தக் கேள்வி இந்தப் பக்கம் திரும்பும் என்று நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு பல நாள் நானும் மனைவியும் போனில் சண்டை. "இவ்வளவு கஷ்டப்பட்டு, அரைகொற வீட்டுலயா வந்து நிக்கச் சொல்றீங்க?" என்பாள். ஒரு நாள் நான் வரச் சொல்வேன், அவள் மறுப்பாள். மறுநாள் அவள் இறங்கி வருவாள், நான் ஓட்டு வீடு என்று பிடிவாதமாக நிற்பேன். கடைசியில் வீடு கட்டும் மேசன் பாசைக் கூப்பிட்டு நிலத்தைக் காட்டினேன். "ஒரு ரூம்பும் குசினியும் இப்ப கட்டுங்க, தகரம் போடுங்க. மத்த ரூம்புக்கு அத்திவாரம் மட்டும் போட்டு வைப்போம்" என்றார். அதை மனைவியிடம் சொன்னேன். "இந்த ஒப்பந்தம் முடியட்டும். மறுபடி கையெழுத்து வைக்க மாட்டேன்" என்றாள்.

அவள் வந்து இறங்கிய அன்று மகன் அவளிடம் போகவில்லை. என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டி எட்டிப் பார்த்தான். போனில் பார்த்த அம்மா இவ்வளவு உயரம் இல்லை என்றான். சாயந்தரம் அவள் ரொட்டி சுடும்போதுதான் மெதுவாகப் போய் மடியில் ஏறினான். மகளோ வந்த கையோடு குசினியைச் சுற்றிக் காட்டி, இந்த வாரச் சீனி இவ்வளவுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

இப்போது நாலு பேரும் ஒரே அறையில் படுக்கிறோம். கனத்த மழைக்குத் தகரம் ஒரு மூலையில் ஒழுகுகிறது. பக்கத்தில் அத்திவாரத்தில் புல் முளைத்துவிட்டது. மனைவி ஹட்டனில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள், வீட்டுச் செலவுக்குச் சம்பளம் காணாது. குவைத்தில் பழகிய தோழி ஒருத்தி அவ்வப்போது அங்கிருந்து அழைத்து, அங்குள்ள வேலைகளைப் பற்றிச் சொல்வாள். அப்போதெல்லாம் மகள் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நானும்தான்.