நம்ம ஊரு தண்ணி

1. காலை ஒன்பது மணிக்கு வந்த கால்

"எக்கா, நீங்க வீடியோல சொன்ன போனத்தான் அவியளுக்கு வாங்கிக் குடுத்தேன். இப்ப அடிச்சா சுவிட்ச் ஆஃப்னு வருது. சுவிட்ச் ஆஃப்னா சார்ஜ் தீந்ததாக்கா, இல்ல போன் தண்ணியில விழுந்ததா?"

வீடியோவுக்கு அடியில் நான் கொடுத்திருந்த எண்ணுக்கு வந்த கால் அது. பேசியவள் பெயர் செலின், ஊர் கடியப்பட்டணம். அவள் கணவர் அந்தோணி முந்தின நாள் சாயங்காலம் சின்ன வள்ளத்தில் தனியாகக் கடலுக்குப் போயிருக்கிறார். எப்போதும் கூடப் போகிறவருக்குக் காய்ச்சலாம். விடிந்ததும் கரைக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. காற்று வேறு ஏறிக்கொண்டிருந்தது.

"வேற போன் வெச்சிருக்காரா?" என்று கேட்டேன்.

"பட்டன் போன் ஒண்ணு உண்டு. கவருக்குள்ள போட்டுக் கெட்டிக் கொண்டு போவாவ. இது வாங்கினப் பொறவு, ரெண்டு போன் எதுக்குட்டின்னு அத வீட்டுல வெச்சிட்டுப் போயிட்டாவ. நீங்கதான இது ஒண்ணு போதும்னு சொன்னீங்க?"

ஆமாம், நான்தான் சொன்னேன். "சார்ஜ் தீந்திருக்கும்மா, பயப்படாத" என்று அவளுக்குப் பதில் சொன்னேன். அதுவும் எனக்குத் தெரிந்து சொன்னதல்ல. என் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்து பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார். இறங்க வேண்டாம், அப்படியே கடியப்பட்டணம் போக வேண்டும் என்றேன்.

2. நான் பார்க்கும் வேலை

இந்த வேலைக்கு வர நினைக்கிற பிள்ளைகள் இப்போது நிறைய. ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நாகர்கோவிலில் ஒரு செல்போன் கடையில் பதினெட்டு வருடம் கவுண்டரில் நின்றேன். விற்கச் சொன்னதை விற்றேன். ஒரு மாடலில் சூடு அதிகம் என்று தெரியும், சொல்ல முடியாது. முதலாளி பின்னால் நின்று தொண்டையைச் செருமுவார். முட்டி வலி வந்து வேலையை விட்டபின், அத்தனை வருடம் விழுங்கியதை எல்லாம் கொட்ட ஒரு யூடியூப் சானல் ஆரம்பித்தேன். என் கைக்காசைப் போட்டு வாங்கிப் பயன்படுத்திப் பார்த்து, நல்லதென்றால் நல்லது, மோசமென்றால் மோசம். சுசீந்திரத்தில் எங்கள் வீட்டு அடுக்களைதான் ஸ்டுடியோ. கேமரா பிடிப்பது வீட்டுக்காரர்.

எனக்கு இயல்பிலேயே பயம் அதிகம். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். போன் அப்டேட் கேட்டால்கூட ஒரு வாரம் யோசிப்பேன். கேமரா முன்னால் நின்றால் மட்டும் எங்கிருந்தோ தைரியம் வந்துவிடும், வாய்க்குப் பூட்டே கிடையாது.

ஒரு ஸ்மார்ட் வாட்ச்சை வீட்டுக்காரர் கையில் கட்டிவிட்டேன். காலையிலிருந்து முழங்கால் சேற்றில் நாற்றங்காலில் நின்றவரைப் பார்த்து, வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள் என்றது அது. "ஏட்டி, இத ஒரு நாள் நம்ம வயலுக்கு வரச் சொல்லு" என்றார். அந்த வீடியோவுக்கு நல்ல பெயர். அப்டேட் வந்து பட்டன்களின் இடத்தை மாற்றினால், அடுக்களையில் உப்பு டப்பாவை யாரோ மாற்றி வைத்த கோபத்தோடு ஒரு வீடியோ போடுவேன். விவசாய வீடியோ கேம் ஒன்றை அவரையே ஆடச் சொன்னேன். பத்து நிமிடத்தில் மூன்று போகம் அறுத்துவிட்டு, "எல்லாம் சரிதான், ஆனா இதுல கால்வாய்த் தண்ணிக்கு ஒரு சண்டையும் வரல்லியே. பாஸ் மார்க் போடாத" என்றார்.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது. தண்ணீர் புகாது என்பதுதான் அதன் பெருமை. வாளித் தண்ணீரில் போட்டேன். கால்வாயில் அரை மணி நேரம் அமுக்கிப் பிடித்தேன். கடைசியில் சாப்பிட்ட தட்டோடு சேர்த்துக் குழாயில் கழுவினேன். ஒன்றும் ஆகவில்லை. ஈரக் கையோடு கேமராவைப் பார்த்துச் சொன்னேன்: "நம்ம ஊரு தண்ணியில போட்டாச்சு, ஒண்ணும் ஆகல்ல. இது ஒண்ணு போதும், வேற போனே வேண்டாம். தைரியமா வாங்குங்க." என் வீடியோக்களில் அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

இனி சொல்லப்போவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெட்டிக்குள் இருந்த தாளில் பொடி எழுத்தில், நன்னீரில் மட்டுமே சோதித்தது என்று போட்டிருந்தது. பதினெட்டு வருடம் போன் விற்றவளுக்கு அது தெரியாமல் இல்லை. கடல் தண்ணீருக்கும் சோப்புத் தண்ணீருக்கும் இது பொருந்தாது என்று ஷூட்டிங்கில் சொல்லவும் செய்தேன். அந்த நேரம் பார்த்துக் கோவில் மைக் செட்டில் பாட்டுப் போட்டுவிட்டார்கள். நான் பேசியது பாட்டுக்குள் அமுங்கிப் போனது. திரும்ப எடுக்கச் சோம்பல். வீடியோவும் நீளம். நம்மூரில் யார் போனைக் கடலில் போடப் போகிறார்கள் என்று அந்த இடத்தை வெட்டிவிட்டேன்.

கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் பைக்கில் அரை மணி நேரம்கூட இல்லை. அது எனக்குத் தோன்றவில்லை.

3. கரையில்

போகிற வழியெல்லாம் காற்று பைக்கைப் பிடித்துத் தள்ளியது. மணவாளக்குறிச்சி தாண்டினோம். பிறகு வீட்டுக்காரர், "நீ போய் என்ன செய்யப் போறே?" என்றார். தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

செலினுக்கு முப்பது வயது இருக்கும். படகுகளை ஏற்றி வைத்திருந்த மணல் மேட்டில் நாலைந்து பெண்களோடு நின்றாள். தேடுவதற்கு இரண்டு வள்ளங்கள் போயிருப்பதாகச் சொன்னார்கள். என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம். வீடியோவில் பார்த்த முகம் நேரில் வந்து நிற்குமென்று நினைத்திருக்க மாட்டாள். திட்டுவாள் என்று தயாராகத்தான் போனேன். அவளோ கையில் இருந்த போனை என் பக்கம் திருப்பினாள். என் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"நனைஞ்சு போனா என்ன செய்யணும்னு எங்கயாவது சொல்லியிருக்கீங்களான்னு தேடுகேன்க்கா. நாலு தடவ பாத்தாச்சு. காணல்ல."

கடற்கரையில், அந்தக் காற்றில், என் குரல் எனக்கே கேட்டது. தைரியமா வாங்குங்க, தைரியமா வாங்குங்க.

"கடல் தண்ணிக்கு அது ஆகாதும்மா" என்றேன். "உப்பு, சார்ஜ் போடுத எடத்த அரிச்சிரும். நான் அத வீடியோவுல சொல்லாம விட்டுட்டேன்."

செலினுக்கு முதலில் புரியவில்லை. என்னையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நம்ம ஊரு தண்ணின்னு சொன்னீங்களேக்கா. நம்ம ஊருன்னா எங்களுக்கு இந்தத் தண்ணிதான?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். வாளி, கால்வாய், குழாய். தண்ணீர் என்றால் எனக்கு அவ்வளவுதான். வயல்காரர் வீட்டில் பிறந்து வயல்காரனைக் கட்டியவளுக்கு உப்பில்லாத தண்ணீர்தான் தண்ணீர்.

மணி பத்தரை ஆனது, பதினொன்று ஆனது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செலின் அந்த எண்ணை அழுத்துவாள். தொடர்பு எல்லைக்கு வெளியே அல்லது அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று பதிவுக் குரல் வரும். ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்ப்பாள், அந்த வாக்கியத்துக்குள் எனக்கு மட்டும் தெரிந்த அர்த்தம் ஏதோ இருப்பது போல. கடையில் எத்தனையோ போனைத் திறந்து காட்டியிருக்கிறேன். உள்ளே ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், நனைந்தால் சிவந்துவிடும், சர்வீஸ் சென்டரில் அதைப் பார்த்ததும் கையை விரிப்பார்கள். அதெல்லாம் தெரிந்து என்ன பயன்? ஒரு மனுஷன் இருக்கிறானா இல்லையா என்பதை அந்தக் குரலிலிருந்து சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தாளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் எப்படி வீட்டுக்குப் போவேன் என்ற ஒரே நினைப்புதான் ஓடியது.

தேடப் போன வள்ளங்களில் ஒன்று திரும்பி வந்தது. காணவில்லை என்றார்கள். ஒரு பெண் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். செலின் அழவில்லை. வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏட்டி, எதுக்கு எல்லாரும் கடலப் பாத்துட்டு நிக்கியோ?"

திரும்பினோம். சாலைப் பக்கம் ஆட்டோவிலிருந்து அந்தோணி இறங்கி வந்துகொண்டிருந்தார். யாரோ கொடுத்த சட்டை, அளவுக்குப் பெரியது.

செலின் ஓடிப் போய் அவர் நெஞ்சிலும் தோளிலும் படபடவென்று அடித்தாள். பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். எனக்கு அங்கே அழ உரிமை உண்டா என்று யோசிக்கவில்லை.

நடந்தது இதுதான். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. போனில் சார்ஜ் குறைவு. பவர் பேங்க்கைச் சொருகினால், துவாரத்தில் ஈரம் இருக்கிறது, சார்ஜ் ஏறாது என்று எழுத்து வந்ததாம். சட்டையைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சொருகியும் அதே எழுத்துதான். யாருக்கும் கால் போகுமுன்னே போனும் அணைந்துவிட்டது. காற்று இழுத்த பக்கம் போனவரை, விடிந்தபின் ஒரு பெரிய படகு கண்டு, கட்டி இழுத்துக்கொண்டு போய் வேறு துறையில் கரை சேர்த்திருக்கிறது.

"அங்க உள்ளவன்ட்ட போன் வாங்கி ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று செலின் கத்தினாள்.

"உன் நம்பரு போனுக்குள்ளல்லா கெடக்கு. மனசுல இருந்து ஒண்ணு போட்டேன். யாரோ ஒரு அம்மா எடுத்து, காலங்காத்தால பொம்பளக்கி போன் போடுதியான்னு ஏசிட்டு வெச்சிட்டா. பொறவு எனக்குப் பயமாப் போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அந்தோணி என்னைக் கண்டுகொண்டார். "போன் அக்காதான?" என்று போனை நீட்டினார். துவாரத்துக்குள் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"செத்துப் போச்சு" என்றேன். "தப்பு என்மேலதான். மன்னிச்சிருங்க."

"அது கெடக்கட்டும்க்கா. அப்போ கடலுக்குக் கொண்டு போக எந்தப் போன் நல்லது? நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். காலையில் அந்தக் கால் வந்ததிலிருந்து நான் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டபோது வந்த பயம் அதைவிடப் பெரியது. என்னை நம்பி ஒரு ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்தவர், உப்புக் காய்வதற்குள் திரும்ப நம்பத் தயாராக நிற்கிறார். வாயில் இரண்டு மாடல் பெயர் வரவும் செய்தது. பழக்கம் விடுமா?

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"ஒங்களுக்கே தெரியாதா?"

"நான் கடல்ல ஒண்ணையும் சோதிச்சுப் பாத்ததில்ல. தெரியாது."

செலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத வீடியோல சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். அங்கேயே நின்று சொன்னேன். வீட்டுக்காரர் தன் போனில் எடுத்தார். காற்றில் பாதி கேட்காது. இந்த முறை எதையும் வெட்டவில்லை. பழைய வீடியோவை அன்றே சானலிலிருந்து நீக்கிவிட்டேன்.

4. கற்றுக்கொண்டது

ஒரு பொருளைப் பற்றி நம் அபிப்பிராயத்தைச் சொல்வது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். பார்க்கிறவர் எங்கே இருக்கிறார், அவர் வீட்டுக் காற்றில் என்ன இருக்கிறது, அந்தப் பொருளை நம்பி எதை வீட்டில் வைத்துவிட்டுப் போவார் என்பது நமக்குத் தெரியாது. நான் எந்தத் தண்ணீரில், எத்தனை நாள், எப்படிப் பார்த்தேன் என்பதை இப்போது முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்காததையும் சொல்கிறேன். பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், வருத்தம்தான். "சவசவன்னு போகுது உன் வீடியோ" என்று வீட்டுக்காரரே சொல்கிறார். போகட்டும்.

இரண்டு வாரம் கழித்து செலினிடமிருந்து கால் வந்தது. எடுப்பதற்குள் பத்து விபரீதம் நினைத்துவிட்டேன்.

"எக்கா, ஒரு மிக்ஸி வாங்கணும். எது நல்லது?"

மூச்சு வந்தது. தினமும் என்ன அரைப்பாய் என்று கேட்டேன். தேங்காயா, மாவா, எத்தனை பேருக்கு? கரண்ட் ஏறி இறங்குமா? அடுக்களைக்குள் கடல் காற்று வருமா? அருகில் சர்வீஸ் பண்ண ஆள் உண்டா? பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசியில் சிரித்துவிட்டாள்.

"என்னக்கா இது, வீடியோல ஒண்ணும் கேக்காம டக்கு டக்குன்னு சொல்லுவீங்களே?"

"அது எனக்கு எல்லாம் தெரிஞ்சிருந்த காலத்துலம்மா" என்றேன்.