மணல் தெரியாத முட்டி

அப்பாவுக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றிய அன்று மாலை, வார்டில் அம்மா சொன்னாள்: "இவரு எழுந்து நடந்துட்டா, ரெண்டு பேரும் வேளாங்கண்ணிக்கு வந்து மணல்ல முட்டியாலயே நடக்கிறோம்னு மாதாகிட்ட வேண்டியிருக்கேன்."

அரை மயக்கத்தில் கிடந்த அப்பா கண்ணைத் திறந்தார். "முட்டி சரியாகணும்னு வேண்டிக்கிட்டு அந்த முட்டியாலயே நடக்கச் சொல்றா பாரு. மொட்டை போடுறேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"மொட்டை போட ஒங்க தலையில என்னங்க இருக்கு?"

பக்கத்துக் கட்டில்காரர் தையல் வலியோடு சிரித்தார்.

அப்பாவின் பெயர் மதலைமுத்து. பூதலூர்ப் பக்கம் எங்கள் ஊர். கூலிக்கு நாற்றுக்கட்டு சுமந்தவர். பிறகு பிறர் டிராக்டரில் சேற்றுழவு ஓட்டினார். வயது ஏறிய பிறகுதான் சொந்தமாக வயல். எக்ஸ்ரேயில் இரண்டு முட்டியிலும் எலும்பு எலும்போடு உரசியது. வலது மோசம் என்பதால் முதலில் அதை மாற்றினார்கள்.

வீடு திரும்பிய மூன்றாம் வாரம், அவர் முட்டிக்கு வைக்கும் ஐஸ் பையை எடுக்கப் போன அம்மா ஃப்ரிட்ஜ் முன்னால் சரிந்தாள். மாரடைப்பு. தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

கல்லறைக்கு அப்பா வாக்கரோடு வந்தார். எல்லோரும் குனிந்து குழிக்குள் மண் போட்டார்கள். அவரால் குனிய முடியவில்லை. நான் அள்ளி அவர் கையில் கொடுத்தேன்.

அதன்பின் காலை மடக்க மறுத்தார். பிசியோதெரபிஸ்ட் ஷமீரா வந்து வந்து பார்த்தாள்.

"அப்பா, இப்ப விட்டா உள்ள தழும்பு இறுகிடும். அப்புறம் மடங்கவே மடங்காது."

"மடங்கி என்னம்மா ஆகப்போவுது?"

ஆலைகளில் அளவுகருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. முட்டி மடங்கும் கோணத்தை நானே அளந்தேன். அறுபது டிகிரி. அடுத்த வாரமும் அறுபது. கருவியில் பிழை இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் பங்குத் தந்தையிடம் அம்மாவின் பொருத்தனையைச் சொன்னேன். "கால் இப்படி இருக்கே. வேற ஜெபமா மாத்திக்கலாம், தப்பில்ல" என்றார்.

அப்பா குறுக்கிட்டார். "வேண்டிக்கிட்டது அவ, சாமி. அவளைக் கேக்காம எப்படி மாத்துறது?"

மறுநாள் ஷமீரா வரும்போது காலை இழுத்து மடக்கத் துண்டைப் பாதத்தில் சுற்றிக்கொண்டு தயாராக இருந்தார். "முட்டி போட எவ்வளவு மடங்கணும்?"

அவள் என்னைப் பார்த்தாள். "தொண்ணூறுப்பா. ஆனா டாக்டர் சம்மதிக்கணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினார். கண்ணில் நீர் வந்தது.

"கிளட்ச்சை மிதிக்கிற மாதிரி நினைச்சுக்குங்க."

"கிளட்ச்சு இடது காலும்மா. இது பிரேக்கு."

"அதான் நின்னே கெடக்கு!"

அப்பா சிரிக்கவில்லை. ஆனால் இன்னொரு முறை மடக்கினார்.

ஆற்றில் தண்ணீர் வந்து நடவு முடிந்தபோது, கம்பில்லாமல் வாய்க்கால் கரையில் நடந்தார். ஊரார் பாராட்டினார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஐஸ் பை ஃப்ரீசரிலேயே கிடந்தது. யாரையும் எடுக்க விடவில்லை. முட்டி போடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "உடையாது. சுகமாவும் இருக்காது" என்றார்.

கோணம் தொண்ணூறைத் தாண்டிய பிறகு வேளாங்கண்ணிக்குப் போனோம். மணல் பாதை காலையிலேயே சுட்டது. என் தோளைப் பிடித்து இடது முட்டியை முதலில் இறக்கினார். பிறகு வலது. கொஞ்ச தூரம் நகர்ந்து நின்று, வலது முட்டியைக் கையால் தடவிப் பார்த்தார்.

"ஜெனித்து, இந்தக் கால்ல மணலே தெரியலடா. சூடும் தெரியல."

"ஆபரேஷன்ல மேல் நரம்பு அறுந்திருக்கும்ப்பா. அதான் மரத்துப்போயிருக்கு."

"வலிக்காம நடந்தா அவகிட்ட என்ன சொல்றது?"

எடையை இடது முட்டிக்கு மாற்றினார். அது மாற்றாத முட்டி. ஒவ்வொரு நகர்வுக்கும் முகம் இறுகியது. அவர் அக்குளில் கை கொடுத்து, குனிந்தபடி, அம்மா வந்திருக்க வேண்டிய பக்கத்தில் நானும் நகர்ந்தேன். பாதி வழியில் இடது முட்டி அதற்கு மேல் நகரவில்லை. மணலிலேயே உட்கார்ந்தார். கோவில் கோபுரத்தைப் பார்த்தார்.

"மிச்சத்தை நான் போறேன்ப்பா."

"வேணாம். பாதி போதும். ரெண்டு பேர்ல ஒரு ஆளுதானே வந்திருக்கு."

தூக்கி நிறுத்தினேன். இடது முட்டியை ஒரே தட்டாகத் தட்டிவிட்டார். வலது முட்டியில் ஒட்டியிருந்த மணலை மட்டும் குனிந்து பார்த்துப் பார்த்துத் தட்டினார்.