ஜான் பாஷாவின் கோபம்

ஜான் பாஷாவுக்கு ஏழு வயதாகும்போது அப்பா அம்மாவைத் தலாக் சொல்லி அனுப்பிவிட்டார். அம்மா மேல்விஷாரத்தில் வேறொருவரை மணந்தாள். அப்பா பேர்ணாம்பட்டில் இன்னொரு நிக்காஹ் செய்துகொண்டார். பையன் இரண்டு வீடுகளிலும் மாறி மாறி வளர்ந்தான். எந்த வீட்டில் நுழைந்தாலும், “எப்ப திரும்பிப் போற?” என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பதினேழு வயதில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தான். படுக்கையும் அங்கேயே, ஆவாரம்பட்டை மூட்டைகளுக்கு நடுவில். வேலையில் கெட்டிக்காரன். ஆனால் யாராவது அவன் வீட்டுப் பேச்சை எடுத்தால் கண்மண் தெரியாமல் கோபம் வரும்.

1926இல், நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம், பக்கத்தில் தோல் சீவிக்கொண்டிருந்த இருதயராஜ் சாதாரணமாகத்தான் கேட்டார்: “பெருநாளுக்கு எந்த ஊட்டுக்குப் போற, தம்பி?”

ஜான் பாஷாவின் கையிலிருந்த சீவும் கத்தி பறந்தது. இருதயராஜின் தோளைக் கீறிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. மேஸ்திரி ஓடிவந்தார்.

“கத்தி வழுக்கிடுச்சு, மேஸ்திரி” என்றார் இருதயராஜ். மேஸ்திரி போனபிறகு ஜான் பாஷாவிடம் சொன்னார்: “உன் கோவம் என்மேல இல்லன்னு தெரியும். ஆனா பட்டது எனக்குத்தானே?”

அன்று முதல் கோபம் வந்தால் கிணற்றடிக்குப் போய்விடுவான். மனசு அடங்கும்வரை தண்ணீர் இறைப்பான். கோபம் அடங்கியது, கூடவே பேச்சும் அடங்கிப்போயிற்று. யாரும் அவனைக் கேலி செய்வதில்லை, கிட்டவும் வருவதில்லை. பெருநாள் தொழுகை முடிந்து மற்றவர்கள் கட்டித் தழுவி வீட்டுக்குப் போவார்கள். அவன் ரயிலடியில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பான்.

இருபத்துநாலு வயதில் வஹீதாவை மணந்தான். மூன்றாம் மாதம் ஏதோ சின்ன விஷயத்தில் வாக்குவாதம். வழக்கம்போல எழுந்து வாசலுக்கு நடந்தான். வஹீதா ஓடிவந்து கதவை மறித்தாள். அவளுடைய அப்பா ஒரு நாள் இப்படி எழுந்து ரங்கூனுக்குப் போனவர்தான், திரும்பவேயில்லை.

“கத்துங்க. எது வேணா சொல்லுங்க. போவாதீங்க.”

“எனக்குப் பேச வராது.”

“அப்ப சும்மா ஒக்காருங்க.”

உட்கார்ந்தான். அவள் முருங்கைக்கீரை உருவத் தொடங்கினாள். அவன் பக்கமும் ஒரு கொத்தைத் தள்ளினாள். வெகுநேரம் கழித்து அம்மாவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டான். அவள் மேலே கேட்கவில்லை.

பிறகும் அவன் பேச்சுக்காரனாகிவிடவில்லை. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். சில சாயங்காலங்களில் அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அயல்வீட்டுக்கு வந்தவன்போல ஓரமாக நிற்பான். வஹீதா பாயில் நகர்ந்து இடம் விடுவாள். சில நாள் வந்து உட்காருவான். சில நாள் நின்றுகொண்டே இருப்பான்.