ஏறினவர்கள் இரண்டு பேர்

கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. எங்கள் ஊர் ஸ்டேஷனில் காலையில் நிற்கும் ஒரே ரயிலில்தான் போவேன். பெரும்பாலும் நான் ஒருத்திதான் ஏறுவேன். மற்றவர்களுக்குப் பெரிய கம்பெனி பஸ்கள் தெருவுக்கே வந்துவிடுகின்றன.

முன்பெல்லாம் அங்கே எந்த ரயிலும் நிற்காது. அம்மாவும் அவளோடு நடவுக்குப் போகும் பெண்களும் ஒரு நாள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் மேடையும் பெயர்ப்பலகையும் வந்தன.

போன மாதம் ஓர் அதிகாரி மேடையில் என்னைப் பார்த்து, "நாளைக்கு எத்தனை பேர் ஏறுறாங்கன்னு பார்ப்போம். ஆள் இல்லன்னா ரயில் நிக்காதுமா" என்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்று மாலையே வீடு வீடாகப் போய், நாளை ஒரு நாள் மட்டும் ரயிலில் வரச் சொல்லிக் கேட்டேன்.

"வாசல்லயே பஸ்சு வருது. அத்த வுட்டுட்டு இன்னாத்துக்கு பேஜாரு?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மறுநாள் சீக்கிரமே போய், மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அதிகாரி நோட்டும் கையுமாக நின்றார். யாரும் வரவில்லை. சிக்னல் விழுந்த பிறகு அம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"எங்கமா போற?"

"எங்கயும் இல்ல. அடுத்த ஸ்டேசன்ல எறங்கி பஸ்ல திரும்பிடுவேன். நீ ஒண்டியா நின்னுக்கினு இருப்பியே."

இருவரும் ஏறினோம். அதிகாரி எழுதிக்கொண்டார். முடிவு என்னவென்று இன்னும் யாரும் சொல்லவில்லை. தினமும் ரயில் தூரத்தில் தெரிந்ததும், வேகம் குறைகிறதா என்றுதான் பார்க்கிறேன்.