நூற்றிருபத்தேழாவது பல்

நீல மை தோய்ந்த தூரிகை, இன்னும் பல் வெட்டாத வார்ப்புச் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி வந்தது. பின்னாலேயே கட்டைவிரல் போய், மை தடித்த இடங்களைத் துடைத்தது. விளிம்பு முழுக்க ஒரே நிறமானதும் அந்தக் கைகள் மில்லிங் மெஷினின் கைப்பிடிக்குப் போயின.

"கல்யாணப் பொண்ணுக்குப் பூசுற மாதிரில்லா பூசுதீக," என்றான் முத்துப்பாண்டி.

"ஒத்தைச் சக்கரம்தானலே கொண்டாந்திருக்க. கெட்டுப்போனா வேற இருக்கா?" தங்கபாய் திரும்பவில்லை.

வேறு இல்லை. மடவார் வளாகத்துப் பட்டறையில் அவன் வைத்திருப்பது அங்குலக் கணக்கில் ஓடும் பழைய லேத். இப்போது வருகிறவர்கள் எல்லாரும் மில்லிமீட்டர் கணக்கில் திருகு மரைதான் கேட்கிறார்கள். ஐந்து அங்குலம் என்பது சரியாக நூற்றிருபத்தேழு மில்லிமீட்டர். ஆகவே நூற்றிருபத்தேழு பல்லுள்ள சக்கரம் ஒன்றை மாட்டினால் அந்த லேத்துக்கு இனியும் பிழைப்பு உண்டு. இல்லாவிட்டால் பழைய இரும்புக்குத்தான் போடவேண்டும். ஏறி இறங்கிய பட்டறைகளில் எல்லாம் "அந்த நம்பர் வராது" என்று கைவிரித்துவிட்டார்கள்.

தங்கபாய் ராஜபாளையத்தில் பேண்டேஜ் தறிகளுக்குப் பல்சக்கரம் வெட்டுகிறவள். மில் ஏலத்தில் எடுத்த மெஷினில், கழிவு இரும்பைக் கெடுத்துக் கெடுத்துத் தானே பழகிய கை. அறுபது, எழுபத்திரண்டு என்றால் வட்டத்தைப் பாதியாக்கி, மூன்றாக்கிப் பிரித்துவிடலாம். இதுவோ பகா எண்.

"எதுலயும் வகுபடாதுன்னு எப்படிக்கா அடிச்சுச் சொல்லுதீக? எம்புட்டு நம்பர் கெடக்கு."

"ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு. அம்புட்டுத்தான் பாக்கணும். அடுத்தது பதிமூணு. பதிமூணைப் பதிமூணால பெருக்கினா நூத்தி அறுவத்தொம்பது, தாண்டிருச்சு. அதுக்கு மேல ஒண்ணு வகுக்கணும்னா அதோட ஜோடி சின்னதா இருக்கணும். சின்னதெல்லாம் பாத்தாச்சு."

வட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் மெஷினின் துளைத்தட்டில் நூற்றிருபதுக்கு வழி இருந்தது. அதற்கே வைத்து, கைப்பிடி சுற்றச் சுற்றத் துளைத்தட்டும் துளித்துளியாகப் பின்வாங்கும்படி பக்கத்தில் சக்கரங்களைக் கோத்திருந்தாள். ஒவ்வோர் இடைவெளியும் இம்மி குறுகும். வட்டம் முடியும்போது ஏழு பல் கூடியிருக்கும்.

கட்டர் மையை மட்டும் கீறியபடி சக்கரம் ஒரு சுற்று வந்தது. கடைசிக் கீறல் முதல் கீறலின் மேலேயே போய் உட்கார்ந்தது. மயிரிழை பிசகவில்லை.

"கூடிருச்சுக்கா. வெட்டிருங்க."

"எண்ணாம வெட்டமாட்டேன்."

எண்ணினாள். நூற்றிப் பதின்மூன்று. மறுபடி எண்ணியும் அதேதான்.

முத்துப்பாண்டி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப வராதுன்னு சொன்னவிய சரியாத்தான் சொல்லியிருக்காவ."

"வரும். ஏழு கூடுறதுக்குப் பதிலா ஏழு கொறைஞ்சிருக்கு. தட்டு பின்னால போகாம முன்னால போயிருக்கு." குனிந்து பார்த்தாள். திசை மாற்றும் நடுச்சக்கரம் ஒன்றை மாட்டாமல் விட்டிருந்தாள். "நூத்திப் பதிமூணும் வகுபடாதவன்தான். என்ன, நாம கூப்பிட்ட ஆள் இல்ல."

நடுச்சக்கரத்தை மாட்டினாள். கீறல்களைத் துடைத்து மறுபடி மை பூசினாள். மறுபடி கீறினாள், எண்ணினாள். அவனையும் எண்ணச் சொன்னாள். இருவர் கணக்கும் நூற்றிருபத்தேழில் நின்ற பிறகே கட்டரை இரும்புக்குள் இறக்கினாள். மதியச் சாப்பாடு தூக்குவாளியிலேயே ஆறியது.

கடைசிப் பல்லின் பிசிறை அரத்தால் எடுத்து, எண்ணெய் தடவி, ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டாள். "இதுல இருந்து ஆரம்பிச்சு, செத்த நேரம் உக்காந்து நீயே எண்ணிட்டு எடுத்துட்டுப் போ."

முத்துப்பாண்டி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.