சேவல் மேல் ஒரு புகார்

கோட் பஹாதர் காவல் நிலையத்தில் கரம் தாத் பத்தொன்பது வருடமாக எழுத்தர்; ஊராருக்கு 'முன்ஷிஜி'. ஆட்டுத் திருட்டு, வாய்க்கால் தகராறு எதுவானாலும் அசராமல் எழுதிவிடுவார். மத நிந்தனைப் புகார் என்றால் மட்டும் பேனாவைத் திறக்கவே தயங்குவார். பதிவேட்டில் ஏறிவிட்டால் யாராலும் இறக்க முடியாது. தெருவே தடியோடு திரண்டுவிடும். ஆகவே, வந்தவர் களைக்கும்வரை கேள்வி கேட்பது அவர் வழக்கம்.

அன்று துணிக்கடை ஹாஜி நஸாகத் வந்தார்.

"எழுதுங்க முன்ஷிஜி. விடிகாலைல பாங்கு சொல்றப்பல்லாம் ஒருத்தன் வேணும்னே நடுவுல கத்துறான்."

கரம் தாத் பதிவேட்டைத் தொடாமல் ஒரு தனித் தாளை எடுத்தார். "பேரு?"

"சேவல். பக்கத்து வீட்டு ஷராஃபத் மசீஹோடது."

ஷராஃபத் ரிக்‌ஷாக்களுக்குப் பெயின்ட் அடிப்பவர், கிறிஸ்தவர். கரம் தாத்துக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

"அப்பா பேரு?"

"சேவலுக்கு ஏதுங்க அப்பா பேரு?"

"கட்டம் காலியா இருந்தா பெரிய அதிகாரி திருப்பி அனுப்பிடுவாரு. சரி, மதம்?"

ஹாஜி யோசித்தார். "கிறிஸ்தவ வீட்டுச் சேவல். அப்படியே போடுங்க."

விசாரிக்காமல் போட முடியாது என்று கரம் தாத் ஷராஃபத்தை வரவழைத்தார். அவர் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"இது எங்க பொறந்துச்சு?"

"ஹாஜி சாகிப் வீட்டம்மாகிட்ட வாங்குன முட்டைங்க. எங்க கோழிதான் அடைகாத்துச்சு."

கரம் தாத் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அப்பா உங்க வீட்டுச் சேவல், ஹாஜி சாகிப். இது பொறப்புல முஸ்லிம். கிறிஸ்தவம்னு போட்டா, எப்ப மதம் மாறுச்சு, முட்டைய வித்தது யாருன்னு கேப்பாங்க. வீட்டம்மாவ சாட்சிக்குக் கூப்பிடணும்."

"அவளையா?"

"இன்னொண்ணு. சேவல் தொழுகைக்கு எழுப்புது, அதைத் திட்டக் கூடாதுன்னு நபிகளே சொல்லியிருக்காங்க. நீங்க புகாரே குடுக்குறீங்க. இதை யாராவது உங்க மேல எழுதிக் குடுத்தா, அதையும் நான்தான் எழுதணும்."

ஹாஜியின் முகம் வெளுத்தது. "நான் எங்க திட்டுனேன்? நல்ல குரல்னு சொல்லத்தான் வந்தேன்."

நிரூபிப்பதற்காகச் சேவலைத் தடவிக் கொடுத்தார். அது நறுக்கென்று கொத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ்" என்று மெச்சினார்.

இருந்தாலும் ஷராஃபத் அன்றைக்கே சேவலை மாமியார் ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டார்.

கரம் தாத் பாதி எழுதிய தாளைக் கிழிக்கப் போனார். கை அப்படியே நின்றது. தாளின் தலைப்பில் இறைவன் பெயர். கிழித்தால் அதுவே நிந்தனை; அடுத்த புகார் அவர் மேல்தான். இருபுறமும் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் தெருவுக்கு நடந்தார். புனித எழுத்துள்ள தாள்களுக்காகக் கம்பத்தில் மாட்டிய பெட்டி நிரம்பி வழிந்தது. விரலால் குத்திக் குத்தி உள்ளே திணித்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.